எல்லாப் பிள்ளையளும் வரலாமோ?

1952 ஆம் ஆண்டு கோடைகாலம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரம். மேரியன் ஸ்பென்சர் என்ற தாய் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குத் தொலைபேசி எடுக்கிறார். அவருடைய இரண்டு சின்னப் பெடியங்கள் கோனி ஐலண்ட் பூங்காவின் விளம்பரத்தைக் கேட்டுவிட்டு, அங்கே போகவேணும் எண்டு கேட்டிருந்தார்கள். நியூயோர்க்கில் இருக்கிற பேர்போன கோனி ஐலண்ட் இல்லை இது. ஒஹாயோ ஆற்றங்கரையில் அந்தப் பெயரைக் கடன் வாங்கி வைத்திருந்த இன்னொரு பூங்கா.

எல்லாப் பிள்ளைகளும் வரலாமா எண்டு மேரியன் கேட்டார். மற்றப் பக்கத்தில் கதைத்த பெண், ஓம், எல்லாரும் வரலாம் எண்டார். நாங்கள் கறுப்பினத்தவர் எண்டு மேரியன் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண், இது என்ர பிழை இல்லை எண்ட மாதிரி ஏதோ சொன்னார். உங்கட பிழை இல்லை எண்டு எனக்குத் தெரியும், ஆனால் யாருடைய பிழை எண்டு நான் கண்டுபிடிக்கப்போறன் எண்டு சொல்லிவிட்டு மேரியன் ஃபோனை வைத்தார்.

சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க் போவதற்கு இப்போது திட்டம் போடும் குடும்பங்களைப் பாருங்கோ. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் ஒர்லாண்டோ போக வெளிக்கிட்டால் ஆறு மாதத்துக்கு முதலே ஆயத்தம் தொடங்கிவிடும். பள்ளிக்கூட விடுமுறை எப்ப, சனம் குறைவான கிழமை எது, கடைக்குட்டிக்கு மூன்று வயது முடிய முதல் போனால் ரிக்கற் காசு மிச்சம், மூத்தவர் 102 சென்றிமீற்றர் வளர்ந்திட்டாரா (இல்லாட்டி சில ரோலர் கோஸ்டர்களில் ஏற விடமாட்டார்கள்), மத்தியான நித்திரைக்கு ஹோட்டலுக்குத் திரும்பி வாறதா தள்ளுவண்டியிலேயே படுக்க வைக்கிறதா. இதுகளுக்கெல்லாம் அட்டவணை போடுகிறார்கள். இவ்வளவு கேள்விகளுக்குள்ளும் மேரியன் கேட்ட கேள்வி இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்கள் முதலில் சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரங்களில் ட்ராம் வண்டி ஓட்டிய கம்பனிகளுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. வார நாட்களில் வேலைக்குப் போறவர்களால் வண்டி நிறையும், ஞாயிற்றுக்கிழமை வெறுமனே ஓடும். அதனால் பாதை முடியும் இடத்தில் ஒரு பூங்காவைக் கட்டி, ராட்டினமும் நடன மண்டபமும் வைத்தார்கள். சனம் வந்தது. வந்தவர்களில் பெரும்பகுதி தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்த இளைஞர்கள், காதலர்கள். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு கத்துகிற சாட்டுக்காகவே கட்டப்பட்ட விளையாட்டுக்கள் கனக்க இருந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்ப நிலைமை மாறியது. 1946 இலிருந்து பிறப்பு வீதம் ஏறியது. புறநகர்களில் வீடு, வாசலில் கார், வீட்டுக்குள் ரீவி. பிள்ளைகளுக்கென்றே குட்டி ராட்டினங்கள் வைத்த சின்னப் பூங்காக்கள் முளைத்தன. இந்த அலையின் உச்சியில்தான் வோல்ட் டிஸ்னி வருகிறார். லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள க்ரிஃபித் பார்க்கில் தன்னுடைய மகள்மார் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தாய் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடக்கூடிய ஒரு இடம் வேணும் எண்டு தோன்றியதாக அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஏபிசி தொலைக்காட்சி காசு போட்டது. பதிலுக்கு அவர் அவர்களுக்கு வாராவாரம் நிகழ்ச்சி செய்து கொடுத்தார், அதற்குப் பெயரும் டிஸ்னிலாண்ட்தான். அதாவது பூங்கா திறக்க முதலே, 1954 இலிருந்து, அதன் விளம்பரம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

1955 ஜூலை 17 ஆம் திகதி திறப்பு விழா, நேரடி ஒளிபரப்பு. தொகுத்து வழங்கிய மூன்று பேரில் ஒருவர் ரொனால்ட் ரீகன், பிற்கால ஜனாதிபதி. கள்ள ரிக்கற்றோடு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே புகுந்தார்கள். வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் குதிச் செருப்புகள் புதைந்தன. குழாய் வேலைக்காரரின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிதண்ணிக் குழாயா, இரண்டில் ஒன்றைத்தான் நேரத்துக்கு முடிக்கலாம் எண்ட நிலை வந்து, டிஸ்னி கழிப்பறையைத் தெரிவு செய்தார். சின்னப் பிள்ளைகளோடு பயணம் போன எவரும் அந்த முடிவைக் குறை சொல்லமாட்டார்கள். (டிஸ்னிலாண்டுக்குள் போக முடியாமல் போனவர்களில் மிகப் பெரிய ஆள் நிகிதா குருஷேவ். 1959 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்த சோவியத் தலைவருக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்தப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். மனிசன் மேடையிலேயே கோபப்பட்டார்.)

டிஸ்னிலாண்டின் வாசலில் கறுப்பினத்தவருக்குத் தடை இருக்கவில்லை. ஆனால் அது நகரத்துக்கு வெளியே, தோடம்பழத் தோட்டங்களை அழித்து, புது நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கட்டப்பட்டது. உள்ளே நுழையவே காசு, உள்ளே மதுபானம் விற்பனை இல்லை. கார் வைத்திருக்கிற, கையில் காசு புழங்குகிற குடும்பமே வரும் எண்ட கணக்கு அதற்குள் இருந்தது. "குடும்பங்கள் வருகிற இடம்" என்ற சொல் கேட்க இனிமையானது. அது ஒரு அரிதட்டும்கூட. அந்தக் காலத்தில் பல பூங்கா முதலாளிகள் கறுப்பினத்தவரை மறிக்கச் சொன்ன நியாயமும் இதே சொல்தான்: அவர்களை விட்டால் "குடும்பங்கள்" வராது. கறுப்பினத்தவருக்குக் குடும்பம் இல்லையா எண்டு அவர்களிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் கறுப்பினப் பெற்றோர் விடுமுறைக்கு எப்படித் திட்டம் போட்டார்கள்? அவர்களுக்கு ஒரு கையேடு இருந்தது. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ க்ரீன் என்ற தபால்காரர் 1936 இல் வெளியிடத் தொடங்கிய 'க்ரீன் புக்'. எந்த ஊரில் எந்த ஹோட்டலில் படுக்கலாம், எங்கே சாப்பாடு தருவார்கள், எந்த நிரப்பு நிலையத்தில் பெற்றோல் அடிக்கலாம் எண்டு அது பட்டியல் போட்டது. 1960களின் நடுப்பகுதி வரைக்கும் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தைக் காருக்குள் வைத்துக்கொண்டு, வழியில் கடையை நம்பாமல் சாப்பாட்டைச் சப்பாத்துப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு, பிள்ளைக்கு ஒண்டுக்கு வந்தால் கழிப்பறை கிடைக்காது எண்டு காருக்குள் பேணியும் வைத்துக்கொண்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் ஏராளம். பின்சீற்றில் இருந்த பிள்ளைகளுக்கு இது சாகசம். முன்சீற்றில் இருந்தவர்களுக்கு ஏன் இப்படி எண்டு தெரியும். பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் திட்டத்தின் ஒரு பகுதி.

ஆனால் ரீவியிடமிருந்து பிள்ளையை ஒளித்து வைக்க முடியாது. வாசலில் காவலாளியை நிறுத்தி நிறம் பார்க்கலாம். விளம்பரத்துக்கு நிறம் பார்க்கத் தெரியாது, அது எல்லா வீட்டுக்குள்ளும் வரும். 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் சட்டமறுப்புக்கான வாதமாகத்தான் படிக்கிறோம். அதன் நடுவில் ஒரு தகப்பன் இருக்கிறார். அட்லாண்டாவில் புதிதாகத் திறந்த ஃபன்டவுன் பூங்காவின் விளம்பரத்தை ரீவியில் பார்த்துவிட்டு ஆறு வயது மகள் கேட்கிறாள், ஏன் போக முடியாது எண்டு. உலகமே கேட்ட பேச்சாளருக்கு அந்தக் கேள்விக்கு நாக்குத் தடுமாறுகிறது. "பொறுத்திருங்கள்" எண்டு புத்தி சொன்ன மதகுருமாருக்கு அவர் கொடுத்த பதில்களில் இது ஒன்று. எங்களைக் கேட்டால், அந்தக் கடிதத்தில் மறுத்துப் பேசவே முடியாத இடம் இதுதான்.

இனிச் சண்டை நடந்த இடங்களுக்கு வருவோம்.

வொஷிங்டனுக்கு வெளியே, மேரிலாண்ட் மாநிலத்தில் உள்ள க்ளென் எக்கோ பூங்காவும் ஒரு ட்ராம் பாதையின் முடிவில் வளர்ந்ததுதான். அங்கே 1921 இல் செய்த ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறது. குதிரையோடு முயலும் தீக்கோழியும் சேர்ந்து சுற்றும் அழகான ராட்டினம். 1960 ஜூன் 30 ஆம் திகதி ஹௌவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் (ஹார்வர்ட் இல்லை, வொஷிங்டனில் இருக்கிற கறுப்பினத்தவர் பல்கலைக்கழகம் இது) வெள்ளையின நண்பர்கள் வாங்கிக் கொடுத்த ரிக்கற்றுகளோடு போய் அந்த மிருகங்களின் மேல் ஏறி இருந்தார்கள். ராட்டினத்தைச் சுற்றவில்லை. மாணவர் தலைவர்களில் ஒருவரான லோரன்ஸ் ஹென்றியிடம் காவலாளி இனம் என்ன எண்டு கேட்க, மனித இனம் எண்டு அவர் பதில் சொன்ன ஒலிப்பதிவு இன்றைக்கும் இருக்கிறது. ஐந்து பேர் அத்துமீறி நுழைந்ததாகக் கைதானார்கள்.

அதற்குப் பிறகு கோடை முழுக்க வாசலில் மறியல். அவர்கள் எங்களுடைய வயதுக்காரர். சோதனை முடிந்து விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆட்கள், வெயிலில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் இருந்த பானொக்பேர்ன் குடியிருப்பின் வெள்ளையினக் குடும்பங்கள், கனபேர் யூதர்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்து நின்றார்கள். அமெரிக்க நாஜிக் கட்சிக்காரரும் எதிர் மறியலுக்கு வந்தார்கள். ஒரு குதிரை ராட்டினத்துக்காக நாஜிகள் வந்து நிற்கிறார்கள் எண்டால் அது வெறும் ராட்டினம் இல்லை எண்டு அவர்களுக்கும் விளங்கியிருக்கிறது. 1961 பருவத்துக்குப் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. அந்த மாணவர்களில் சிலர் அதே ஆண்டு தெற்கு மாநிலங்களுக்கு பஸ் ஏறிப்போன சுதந்திரப் பயணிகளோடும் சேர்ந்தார்கள். கைதான ஐந்து பேரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1964 இல் தண்டனை ரத்தானது. பூங்காவின் காவலாளிக்கு அரச அதிகாரமும் கொடுக்கப்பட்டிருந்தபடியால், அவர் செய்தது அரசே செய்ததற்குச் சமம் எண்டது நீதிமன்றம்.

(ஏறக்குறைய அதே காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்காகப் போராட்டம் நடந்தது, 1968 இல் மாவிட்டபுரம் வரைக்கும். அது தனிக் கட்டுரையாக எழுதவேண்டியது. வாசலை மறித்தவர்கள் சொன்ன நியாயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் தலை சுற்றும்.)

பால்டிமோருக்குப் பக்கத்தில் இருந்த க்வின் ஓக் பூங்காவின் கதையில் ஒரு குரூரமான பகிடி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வருடமும் "சகல தேசங்களின் நாள்" எண்டு ஒரு விழா வைத்தார்கள். சகல தேசங்களுக்குள் ஆபிரிக்கா அடங்காது. கறுப்பினத்தவரை உள்ளே விடாமலே சகல தேசங்களையும் கொண்டாடினார்கள். 1950களின் நடுப்பகுதியிலிருந்தே அந்த விழா நாளில் மறியல் நடந்தது. 1963 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து, யூத மதகுருமாரும் சேர்ந்து உள்ளே நடந்தார்கள். 283 பேர் கைது. மூன்று நாள் கழித்து இன்னும் கனபேர் கைதானார்கள். கடைசியில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள்.

வாசல் திறந்த நாள் 1963 ஆகஸ்ட் 28. வொஷிங்டனில் கிங் தன்னுடைய கனவைப் பற்றிப் பேசிய அதே நாள். அந்த நாளில் க்வின் ஓக் குதிரை ராட்டினத்தில் ஏறிய முதல் கறுப்பினக் குழந்தை ஷரன் லாங்லி. வயது பதினொரு மாதம். தகப்பன் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறார். பதினொரு மாதப் பிள்ளைக்கு ராட்டினம் விளங்காது, படம் எடுப்பதும் விளங்காது. அந்தக் காலைப் பொழுதுக்குத் திட்டம் போட்ட தாய் தகப்பனுக்கு விளங்கும். வாசலில் என்ன நடக்கும் எண்டு தெரியாமல்தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

சட்டம் 1964 இல் வந்தது. குடிசார் உரிமைச் சட்டம் ஹோட்டல், சாப்பாட்டுக் கடை, தியேட்டர், விளையாட்டரங்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கேளிக்கைப் பூங்கா என்ற சொல் அதில் இல்லை, "பொழுதுபோக்கு இடம்" என்ற பொதுச் சொல்தான் இருந்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஒரு பூங்கா இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டது. விளம்பரத்தை நம்பிப் பிள்ளைகளைப் பனிச்சறுக்கு விளையாடக் கூட்டிக்கொண்டு போன ஒரு கறுப்பினத் தாயைத் திருப்பி அனுப்பிவிட்டு, பொழுதுபோக்கு எண்டால் இருந்து பார்ப்பது, இங்கே சனம் தானே விளையாடுது, ஆகவே சட்டம் எங்களுக்குப் பொருந்தாது எண்டு வாதாடினார்கள். 1967 இல் நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். அடுத்த ஆண்டு அதே நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி அந்தத் தீர்ப்பை மாற்றியது.

மேரியன் ஸ்பென்சர் என்ன செய்தார்? சொன்னதைச் செய்தார். வாசலுக்கு நேரே போய்ப் பார்த்தார், மறித்தார்கள், வழக்குப் போட்டார். ஒஹாயோ தெற்கு மாநிலம் இல்லை. பொது இடங்களில் நிற பேதம் காட்டக்கூடாது எண்டு அங்கே 1884 இலேயே சட்டம் இருந்தது. சட்டம் ஒரு பக்கம், வாசல் இன்னொரு பக்கம். 1955 இல் கோனி ஐலண்டின் ராட்டினங்கள் கறுப்பினத்தவருக்குத் திறந்தன. நீச்சல் குளமும் நடன மண்டபமும் திறக்க 1961 ஆனது. குளத்துக்கு ஏன் இன்னும் ஆறு வருடம்? ராட்டினத்தில் ஆளுக்கொரு குதிரை. குளத்தில் ஒரே தண்ணி. தீட்டு எண்ட சொல் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் என்ன, சங்கதி எங்களுக்கு நல்லாவே விளங்கும். மேரியன் பிறகு 1983 இல் சின்சினாட்டி நகரசபைக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2019 வரை வாழ்ந்தார்.

வாசல்கள் திறந்த பிறகு நடந்ததைப் பற்றி விக்டோரியா வோல்கொட் என்ற வரலாற்றாசிரியர் 2012 இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். நகரத்துப் பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடின. க்ளென் எக்கோ 1968 இல். க்வின் ஓக் 1972 புயல் வெள்ளத்துக்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் நிறவாதம்தான் காரணம் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. பழைய மர ரோலர் கோஸ்டர்களைப் பராமரிக்கச் செலவு, நிலத்தின் விலை, வெள்ளம் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் வெள்ளையினக் குடும்பங்கள் புறநகருக்குப் போக, பூங்காவும் பின்னால் போனது. டெக்சாஸில் 1961 இல் திறந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் இரண்டு நகரங்களுக்கு இடையில், நெடுஞ்சாலையோரம், வாசலில் ஒரே விலை. அந்த ஆறு கொடிகளில் ஒன்று அடிமை முறைக்காகப் போரிட்ட கூட்டமைப்பினுடையது. 2017 இல்தான் அதை மாற்றினார்கள்.

சின்சினாட்டியிலும் அதேதான். ஆற்று வெள்ளத்தால் அடிபட்ட கோனி ஐலண்டின் விளையாட்டுக்கள் பலவற்றைத் தூக்கிக்கொண்டு போய் 1972 இல் நகரத்துக்கு வெளியே கிங்ஸ் ஐலண்ட் எண்டு புதுப் பூங்கா திறந்தது டாஃப்ட் என்ற ஒளிபரப்புக் கம்பனி. பெரிய இலாபம். அதே கம்பனி 1981 மே மாதத்தில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பூங்காவைத் திறந்தது. பெயர் கனடாஸ் வொண்டர்லாண்ட். ஓம், அதேதான். 83 க்குப் பிறகு கனடா போன எங்கட சனம் கோடை விடுமுறைக்கு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற, மச்சான்மார் படம் போடுற அதே வொண்டர்லாண்ட். மேரியன் வழக்குப் போட்ட பூங்காவின் பேரப்பிள்ளை எண்டு சொல்லலாம்.

அந்த வாசலில் இப்போது நிறம் கேட்பதில்லை. காசு கேட்கிறார்கள். 1955 இல் டிஸ்னிலாண்டுக்குள் நுழைய வளர்ந்தவருக்கு ஒரு டொலர். விளையாட்டுக்களுக்கு வேறாகக் காசு, சதக்கணக்கில். இன்றைக்குச் சனம் கூடிய நாட்களில் அங்கே ஒரு ரிக்கற் 200 டொலரைத் தாண்டிவிட்டது. வரிசையில் நிற்காமல் போவதற்கு 1999 இல் டிஸ்னி பூங்காக்கள் கொண்டுவந்த துரித அனுமதி முதலில் எல்லாருக்கும் இலவசம். 2021 இலிருந்து அதுக்கும் காசு. அதனால்தான் பெற்றோர் அட்டவணை போடுகிறார்கள், மூன்றாவது பிறந்தநாளுக்கு முதல் போய்வரக் கணக்குப் பார்க்கிறார்கள். ஷரன் லாங்லியின் வயதில் இருக்கிற பிள்ளைக்கு இப்போது டிஸ்னி வாசலில் ரிக்கற் தேவையில்லை. தூக்கிக்கொண்டு போற தாய்க்கும் தகப்பனுக்கும்தான் தேவை.

க்வின் ஓக் பூங்கா இருந்த இடத்தில் இப்போது ராட்டினங்கள் இல்லை. அந்தக் குதிரை ராட்டினத்தை மட்டும் 1981 இல் வொஷிங்டனுக்குக் கொண்டுவந்து, ஸ்மித்சோனியன் நூதனசாலைகள் இருக்கிற அந்தப் பெரிய புல்வெளியில் வைத்தார்கள். அதில் ஒரு குதிரையில் ஷரன் லாங்லியின் பெயர் பொறித்திருக்கிறது.